மூன்று மில்லிமீட்டர் லென்ஸ்

பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆக்‌ஷன் கேமராக்களில் புழங்கிவந்த சென்சாரின் அகலம் சுமார் 6.2 மி.மீ., உயரம் சுமார் 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன் முன்னால் அமர்ந்திருக்கும் லென்ஸின் குவியத் தொலைவு ஏறத்தாழ 3 மி.மீ. தலைக்கவசத்தில் ஒட்டிக்கொண்டு பனிச்சரிவில் இறங்குவதும், பலகையின் நுனியில் அமர்ந்து அலைக்குள் புகுந்து வெளியே வருவதும் இந்தக் கருவிக்கு முடிகிறது என்றால், காரணம் இந்த எண்கள்தாம். அதன் நிறைகள் எல்லாமும், குறைகளில் பெரும்பாலானவையும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. புதிய கேமராக்களில் சென்சார் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. கணக்கின் போக்கு மாறவில்லை.

கேமராவை விளையாட்டுக்காரரின் உடம்போடு கட்டிவிடும் எண்ணம் இந்தச் சிறு கருவிகளுக்கு வெகுகாலம் முந்தியது. கலிஃபோர்னியாவில் வளர்ந்த ஜார்ஜ் கிரீனோ, மண்டியிட்டு ஓட்டும் சிறு பலகையில் அலையேறுபவர். 1960களின் பிற்பகுதியில் அவர் ஒரு ஃபிலிம் கேமராவை நீர்புகாப் பெட்டிக்குள் அடைத்து, முதுகில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். எடை பத்துக் கிலோவுக்கு மேல். கேமரா அவருக்குப் பின்பக்கம் பார்த்தது. சுருண்டு விழும் அலையின் குழலுக்குள் இருப்பவர் மட்டுமே அதுவரை கண்டிருந்த காட்சி அதில் பதிவானது. 1973இல் வெளியான ‘கிரிஸ்டல் வாயேஜர்’ படத்தின் கடைசிப் பகுதி முழுக்க இத்தகைய காட்சிகள்தாம். பின்னணியில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் ‘எக்கோஸ்’. அலை உடைந்து மேலே விழும்போது முதுகில் அத்தனை எடையோடு நீந்தி மீள்வது எப்படிப்பட்ட வேலை என்பது படத்தில் தெரிவதில்லை.

வானத்தில் அதே வேலையைச் செய்தவர் கார்ல் பேனிஷ். மின்பொறியியல் படித்தவர், 1969இல் வந்த ‘தி ஜிப்ஸி மாத்ஸ்’ என்ற ஹாலிவுட் படத்துக்காக, விமானத்திலிருந்து குதித்து விழுந்துகொண்டே படம்பிடித்தவர்களில் ஒருவர். 1978இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள எல் கேப்பிட்டன் பாறையின் உச்சியிலிருந்து பாராசூட்டுடன் நடந்த குதிப்புகளை ஏற்பாடு செய்து, அவற்றைத் தலைக்கவசத்தில் பொருத்திய 16 மி.மீ. ஃபிலிம் கேமராக்களால் பதிவுசெய்தார். கழுத்து தாங்கும் எடைதான் அன்றைய தொழில்நுட்பத்தின் எல்லையாக இருந்தது.

ஸ்கேட்போர்டுக்காரர்கள் வேறு வழியில் வந்தார்கள். 1995இல் சோனி வெளியிட்ட விஎக்ஸ்1000 என்ற கையடக்க டிஜிட்டல் வீடியோ கேமராவின் முன்னால், செஞ்சுரி ஆப்டிக்ஸ் நிறுவனத்தின் கனத்த மீன்கண் லென்ஸைத் திருகிப் பொருத்தினார்கள். படம்பிடிப்பவரும் இன்னொரு பலகையில் ஏறி, கேமராவின் மேற்கைப்பிடியைப் பிடித்தபடி, தரையை உரசும் உயரத்தில் பக்கத்திலேயே ஓடுவார். உயர்துல்லிய கேமராக்கள் வந்த பின்னும் பல ஆண்டுகள் இந்தக் கேமராவை அவர்கள் கைவிடவில்லை. வெறும் பழைய பாசம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சதுரத்துக்கு நெருங்கிய சட்டகமும் மீன்கண் வளைவும் சேர்ந்து ஒரு தாவலின் உயரத்தை நன்றாகவே எடுத்துக்காட்டின.

இந்த மூன்று தரப்புக்கும் கிடைக்காதது மலிவு. கலிஃபோர்னியாக்காரரான நிக் வுட்மன் 2002இல் கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். அலையேறும்போது தன்னையும் நண்பர்களையும் படமெடுக்க, மணிக்கட்டில் கேமராவைக் கட்டும் பட்டை ஒன்றைச் செய்வதுதான் அவருடைய முதல் நோக்கம். 2004இல் வந்த முதல் ‘ஹீரோ’ 35 மி.மீ. ஃபிலிமில் நிழற்படம் மட்டும் எடுத்தது. 2006இல் வந்த டிஜிட்டல் கேமரா ஒரு தடவைக்கு 10 நொடி வீடியோ எடுத்தது. முழு உயர்துல்லிய வீடியோவும் அகன்ற லென்ஸும் ஒரே கருவியில் சேர்ந்தது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். கைபேசிகளுக்காகப் பெருமளவில் தயாராகிவந்த சிறு சென்சார்களும் செயலிச் சில்லுகளும் விலை குறைந்தது இதற்குப் பெரிய காரணம்.

இனி லென்ஸின் கணக்கு. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் சாதாரண லென்ஸ் 3 மி.மீ. குவியத் தொலைவில், 6.2 மி.மீ. அகல சென்சார் மேல், கிடையாக சுமார் 92 பாகை காட்டும். ஆக்‌ஷன் கேமராக்களோ அதே குவியத் தொலைவில் 118 பாகை வரை காட்டுகின்றன. கூடுதல் 26 பாகை மீன்கண் அமைப்பிலிருந்து வருகிறது. சாதாரண லென்ஸில் பொருள் மையத்திலிருந்து விலக விலக, அதன் பிம்பம் கோணத்தைவிட வேகமாக விலகிப்போகும். மையத்திலிருந்து 59 பாகையில், அதாவது 118 பாகைக் காட்சியின் விளிம்பில், ஒரு பந்து இருந்தால், அது விளிம்பு நோக்கி ஏறத்தாழ இரு மடங்கு நீண்டு முட்டையாகிவிடும். மீன்கண் லென்ஸில் பிம்பம் கோணத்துக்குச் சமவிகிதத்தில் மட்டுமே விலகும். விளிம்பிலுள்ள முகம் அவ்வளவாக இழுபடாது. பதிலுக்கு விளிம்பிலுள்ள கம்பங்கள் வில்லாக வளையும். முகமா, கம்பமா என்று கேட்டால் மனிதர்கள் நகரும் காட்சிக்கு முகத்தைக் காப்பதே நல்லது. விளம்பரங்களில் வரும் பெரிய எண்கள் பெரும்பாலும் மூலைவிட்டக் கணக்கு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கிடையாக 118 பாகை காட்டும் அகலத்திரைக் காட்சி, மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 135 பாகை வரும்.

மீன்கண் லென்ஸின் பிறப்புக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை. நீருக்கடியிலிருந்து மேலே பார்த்தால், தொடுவானம்வரை உள்ள வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளிவிலகலின் விளைவு அது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906இல், நீர் நிரப்பிய கேமராவால் மீன் காணும் அந்தக் காட்சியைப் படமெடுத்துக் காட்டினார். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ராபின் ஹில் 1920களில், முழு வானத்தின் மேகங்களையும் ஒரே படத்தில் அடக்க ஒரு கண்ணாடி லென்ஸை வடிவமைத்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அது பெரும்பாலும் வானிலைக்காரர்களின் கருவியாகவே இருந்தது.

இந்த லென்ஸின் வளைவுக்கு ஒரு விதி உண்டு. சட்டகத்தின் மையத்தின் வழியே செல்லும் கோடு நேராகவே இருக்கும். மையத்துக்கு மேலே போகும் கோடு மேல்நோக்கியும், கீழே போவது கீழ்நோக்கியும் வளையும். ஆகவே கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்தால் தொடுவானம் உருண்டை பூமியின் விளிம்பாகத் தெரியும். மேலே சாய்த்தால் அதே தொடுவானம் கிண்ணமாகும். 2012 அக்டோபரில் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் ஏறத்தாழ 39 கி.மீ. உயரத்திலிருந்து குதித்தபோது பதிவான காட்சிகளில் பூமி அழுத்தமாக வளைந்து தெரிந்தது. அந்த உயரத்தில் தொடுவானம் உண்மையிலேயே வளைந்துதான் இருக்கும், ஆனால் மெலிதாக. திரையில் கண்டதில் பெரும்பங்கு லென்ஸின் கொடை.

குறுகிய குவியத் தொலைவு தரும் பெரிய வரம், குவியப்படுத்தும் வேலையே இல்லாமற் போவது. 3 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 துளை, சிறு சென்சாருக்கு ஏற்ற 0.005 மி.மீ. மங்கல் வரம்பு ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால், லென்ஸை 64 செ.மீ. தூரத்துக்கு நிலையாகக் குவித்துவிட்டால் போதும், 32 செ.மீ. முதல் முடிவிலிவரை அனைத்தும் தெளிவாக இருக்கும். முழுச்சட்டக கேமராவில் 50 மி.மீ. லென்ஸை அதே துளையில் வைத்து இப்படிச் செய்ய முயன்றால் 30 மீட்டருக்குக் குவிக்க வேண்டும். 15 மீட்டருக்குள் வரும் எதுவும் மங்கும். ஆக்‌ஷன் கேமராவில் குவிய மோட்டார் தேவையில்லை. அசையும் உறுப்பு இல்லாததால் விழுந்தால் உடைவதற்கும் அங்கே அதிகம் இல்லை. நிலைக்குவிய லென்ஸ் மலிவுக்காகச் செய்த சமரசம் என்று சிலர் நினைப்பதுண்டு; உண்மையில் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானதைக் கண்டுபிடிப்பது கடினம்.

குலுக்கலிலும் இதே வரம் கொஞ்சம் கிடைக்கிறது. 1920 பிக்சல் அகலமுள்ள படத்தில் 118 பாகை அடங்கினால், கேமரா ஒரு பாகை ஆடும்போது படம் சுமார் 16 பிக்சல் நகரும். 10 பாகை மட்டும் காட்டும் தொலைநோக்கு லென்ஸில் அதே ஆட்டம் படத்தை 190 பிக்சல் தூக்கியடிக்கும்.

வெளிச்சத்தில் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. பெரிய கேமராவில் வெயில் அதிகமானால் துளையைச் சுருக்கலாம். இங்கே அது முடியாது. எஃப் 2.8 துளையிலேயே, ஒளியின் விளிம்பு விளைவால் ஒரு புள்ளி சுமார் 3.8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள வட்டாகப் பரவுகிறது. சென்சாரின் பிக்சல்களோ 1.5 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கின்றன. இன்னும் சுருக்கினால் படம் கழுவிவிட்டாற்போல் ஆகும். ஆகவே துளை நிலையானது. ஷட்டர் வேகம் மட்டுமே ஒளியைக் கட்டுப்படுத்தும். நடுப்பகல் வெயிலில், ஐஎஸ்ஓ 100இல், அது நொடியில் 3200இல் ஒரு பங்குக்குப் போய்விடும்.

அவ்வளவு குறுகிய ஷட்டரில் ஒவ்வொரு பிரேமும் உறைந்த நிழற்படமாகிறது. நொடிக்கு 30 பிரேம் ஓடும் படத்தில், அசைவு வழுக்கிக்கொண்டு போக, ஒவ்வொரு பிரேமும் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது சினிமா ஒளிப்பதிவாளர்களின் பழைய வழக்கம். நடுப்பகலில் அந்த இடத்துக்கு வர வெளிச்சத்தை 50 மடங்குக்கு மேல் குறைக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியாகப் பொருத்தும் என்டி ஃபில்டர் இதற்குத்தான்; 64இல் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் ஏறக்குறைய சரியாக வரும். காட்டுக்குள் நுழைந்ததும் அதே ஃபில்டர் தொல்லையாகிவிடும். வெயிலும் நிழலும் மாறிமாறி வரும் பாதையில் அதைக் கழற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

வேகம் ஏன் வேகமாகத் தெரிகிறது என்பதற்கும் கோணமே விடை. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மலைப்பாதையில் இறங்கும் சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். பாதையோரம், 2 மீட்டர் தள்ளி மரங்கள். செல்லும் திசையிலிருந்து 10 பாகை விலகித் தெரியும் மரம் நொடிக்கு 9 பாகை வீதம்தான் நகரும். 59 பாகை விலகித் தெரியும் மரமோ நொடிக்கு 210 பாகை வீதம் பறந்து மறையும். குறுகிய கோண லென்ஸ் முதல் மரத்தை மட்டுமே பார்க்கிறது. அகன்ற லென்ஸ் இரண்டையும் பார்க்கிறது. வேகம் படத்தின் விளிம்புகளில்தான் குடியிருக்கிறது. கேமராவைத் தரைக்குத் தாழ்த்தினாலும் இதே விளைவு கிடைக்கும்: தரைக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி பாதியானால் அதன் நேர்கீழே தரை ஓடும் கோண வேகம் இரட்டிக்கும். ஸ்கேட்போர்டு படப்பிடிப்பாளர்கள் கேமராவைக் கணுக்காலருகே தொங்கவிடுவது இதனால்தான்.

வேகத்தைக் கூட்டிக்காட்டும் அதே லென்ஸ் செங்குத்தைக் குறைத்துக் காட்டுகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய சரிவு, வீட்டில் திரையில் பார்க்கும்போது சாதாரண மேடாகத் தெரிவதாக மலைச் சைக்கிள்காரர்களும் பனிச்சறுக்குக்காரர்களும் காலங்காலமாகப் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயம் இருக்கிறது. 92 பாகைப் படத்தை 15 செ.மீ. அகலமுள்ள கைபேசித் திரையில் காட்டினால், லென்ஸ் கண்ட அதே கோணங்களைக் கண்ணும் காண, திரையை 7 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. 30 செ.மீ. தள்ளிப் பார்க்கும்போது படத்தின் ஆழம் கணக்கின்படி நான்கு மடங்கு நீள்கிறது, உயரம் நீள்வதில்லை. அதனால் 30 பாகைச் சரிவு, வடிவியலின்படி, 8 பாகைச் சரிவின் வடிவத்தைப் பெறுகிறது. மூளை தன் அனுபவத்தைக்கொண்டு இதில் ஒரு பகுதியைச் சரிசெய்துகொள்ளும், முழுவதையும் அல்ல. போதாததற்கு, சைக்கிளின் கைப்பிடியில் பூட்டிய கேமரா சரிவோடு சேர்ந்து தானும் சாய்கிறது. தரை சட்டகத்துக்கு இணையாகவே இருந்தால், சரிவு என்று கண்டுகொள்ள எதுவும் மிஞ்சாது.

இதற்கு வைத்தியம் லென்ஸை மாற்றுவதில் இல்லை, கேமராவை வைக்கும் இடத்தில் இருக்கிறது. மார்பில் பட்டைகொண்டு கட்டினால் முழங்கைகளும் கைப்பிடியும் முன்னால் வரும். உடம்பு பின்னுக்குச் சாய்வதும் கை மடங்குவதும் சரிவைச் சொல்லிவிடும். நிமிர்ந்து நிற்கும் மரங்களும் தொடுவானமும் சட்டகத்தில் இருந்தால் கண்ணுக்கு ஒரு தூக்குநூல் கிடைக்கும். ஆனால் சரிவை உள்ளபடி காட்ட விரும்பினால், இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எடுப்பதைவிட நல்ல வழி கிடையாது. தலைக்கவசத்தின் உச்சியில் வைப்பதுதான் பலருடைய முதல் விருப்பம். பெரும்பாலும் மோசமான விருப்பமும் அதுவே. அங்கிருந்து ஓட்டுபவரின் உடம்பு தெரியாது, தரை தூரத்தில் இருக்கும், தலை திரும்பும் திசையெல்லாம் படமும் திரும்பும். தலைக்கவசத்தின் தாடைப் பகுதியில் ஒட்டுவது அதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொருவரை எடுக்கும்போது தூரத்தின் விதி நினைவில் இருக்க வேண்டும். அகன்ற லென்ஸில் 5 மீட்டர் தள்ளி நிற்கும் ஆள் பொம்மையாகிவிடுவார். அவர் 25 செ.மீ. முன்னே வந்தால் 5 சதவீதம் பெரிதாவார், யாரும் கவனிக்கமாட்டார்கள். அரை மீட்டரில் இருக்கும் பலகை அதே 25 செ.மீ. முன்னே வந்தால் இரு மடங்காகும். பார்ப்பவரைப் பின்வாங்கவைக்கும் காட்சிகள் எல்லாம் இந்த அரை மீட்டருக்குள் எடுத்தவை.

லென்ஸைப் போலவே சென்சாரும் தன் குணத்தைக் காட்டும். இந்த வகைச் சென்சார் ஒரு பிரேமை முழுதாக ஒரே கணத்தில் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. இதற்கு நொடியில் 60இல் ஒரு பங்கு பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் மோட்டார்சைக்கிள் இன்ஜின் அதற்குள் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றும் கேமராவை ஒரு தடவை உதறினால், மேல்வரிகள் ஒரு நிலையிலும் நடுவரிகள் வேறு நிலையிலும் பதிவாகும். விளைவு, கூழாக நெளியும் படம். ரப்பர் துண்டின் மேல் கேமராவைப் பொருத்துவது ஓரளவு உதவும்.

குலுக்கலை நீக்குவதில் பெரிய பாய்ச்சல் மென்பொருளில் நிகழ்ந்தது. கேமராவுக்குள் இருக்கும் கைரோ சென்சார் அதன் சுழற்சியை இடைவிடாமல் அளக்கிறது. செயலி ஒவ்வொரு பிரேமையும் எதிர்த்திசையில் திருப்பி நேராக்குகிறது. 2018இல் வந்த கோப்ரோ ஹீரோ 7 பிளாக் இதைக் கேமராவுக்குள்ளேயே திறம்படச் செய்து, அதுவரை படப்பிடிப்பாளர்கள் சுமந்த மோட்டார் நிலைப்படுத்திகளில் பலவற்றை வீட்டில் உட்காரவைத்தது. ஆனால் பிரேமைத் திருப்ப ஓரங்களில் உபரிப் படம் வேண்டும். அந்த ஓரங்களை வெட்டும்போது, முன்னே சொன்ன 210 பாகை மரங்கள்தாம் முதலில் வெட்டுப்படுகின்றன. நிலைப்படுத்திய படம் மெதுவாகத் தெரிவதாகச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. இன்னொரு முரணும் உண்டு. ஃபில்டர் போட்டு ஷட்டரை நீட்டினால், பிரேமுக்குள்ளேயே குலுக்கல் கோடாகப் பதிந்துவிடும். நிலைப்படுத்தி படத்தை நேராக்கினாலும் அந்தக் கோடு போகாது, காரணமில்லாத துடிப்பாகத் தெரியும். வழுக்கும் அசைவு, அசையாத படம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். கரடுமுரடான பாதைக்குக் குறுகிய ஷட்டரும், மென்மையான பனிக்கும் நீருக்கும் ஃபில்டரும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

நீருக்குள் கேமரா வேறு உலகத்துக்குப் போகிறது. பெட்டியின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால், நீரிலிருந்து காற்றுக்கு வரும் கதிர் வெளிப்புறமாக விலகும். 118 பாகைக் காட்சி சுமார் 80 பாகையாகச் சுருங்கும். குமிழ்க் கண்ணாடி வைத்தால் கோணம் சுருங்காது. ஆனால் அந்தக் குமிழ், நீரோடு சேர்ந்து குழிலென்ஸாக நடந்துகொள்கிறது: தொலைவிலுள்ள பொருளின் மாயபிம்பத்தைக் குமிழின் முன்னால், அதன் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. 2.5 செ.மீ. ஆரமுள்ள குமிழுக்கு அது 7.5 செ.மீ. நிலைக்குவிய லென்ஸ் தெளிவாகக் காண்பதோ 32 செ.மீ.க்கு அப்பால்தான். கோப்ரோவின் தொடக்ககால உயர்துல்லிய கேமராக்களின் பெட்டியில் குமிழ்க் கண்ணாடி இருந்தது. அலைக்கு மேலே அழகாக இருந்த படம் நீருக்குள் மங்கியது. பிறகு தட்டைக் கண்ணாடிக்கு மாறினார்கள். கோணத்தைக் கொடுத்துத் தெளிவை வாங்கிய பேரம் அது. நீருக்கு மேலே வந்ததும் கண்ணாடியில் தங்கும் துளிகள் இன்னொரு தொல்லை. அலைச்சறுக்குக்காரர்கள் கண்ணாடியை நக்கிவிட்டு நீரில் முக்குகிறார்கள். எச்சில் பூச்சின் மேல் நீர் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவும். கடையில் விற்கும் பூச்சுகளைவிட இது மோசமில்லை.

அண்மைக்கால 360 பாகை கேமராக்கள் இந்த லென்ஸை முதுகோடு முதுகாக இரண்டாக்கிவிட்டன. ஒவ்வொன்றும் 180 பாகைக்கு மேல் பார்க்கிறது. இரண்டு படங்களும் ஓரங்களில் ஒன்றையொன்று தழுவுவதால் தையல் போட்டு முழுக்கோளமாக்க முடிகிறது. கேமராவைத் தாங்கும் கோல் இரண்டு லென்ஸ்களுக்கும் நடுவிலுள்ள குருட்டுத் தளத்தில் நிற்பதால் படத்தில் மறைந்துவிடும். ஓட்டுபவரை ஏதோ பறவை தொடர்ந்து வந்து எடுத்தாற்போலத் தோன்றும். எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை வீட்டுக்கு வந்தபின் முடிவுசெய்துகொள்ளலாம். விலை, பிக்சல்களில் வசூலாகிறது. கோளத்தைச் சுற்றி 5760 பிக்சல் இருந்தால் பாகைக்கு 16தான் வரும்; அதிலிருந்து 118 பாகையை வெட்டியெடுத்தால் அகலம் 1900 பிக்சலைத் தொடாது. தையல் ஓடும் திசையில், கேமராவுக்கு மிக அருகில் கையையோ பலகையின் விளிம்பையோ வைத்தால், இரண்டு லென்ஸ்களும் அதை வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் அது பொருந்தாமல் வெட்டுப்பட்டுத் தெரியும். அதனால் கேமராவைத் திருப்பி, ஓட்டுபவர் ஏதாவது ஒரு லென்ஸின் நேர்முன்னே வருமாறு பொருத்த வேண்டும்.